உங்களுக்கு முன் ஏறியவர்கள்



புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நம் இதழுக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "பேடண்ட் எடுக்க எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது சுலபம். தனிநபர் ஒருவர் இணையவழியில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். விண்ணப்பத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளக் கோரும்போது இன்னும் 4,000 ரூபாய். காப்புரிமை முகவர் வைத்துக்கொண்டால் அவருடைய கூலி தனி. ஆனால் இதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதற்குக் கட்டணமே கிடையாது. இதை வேறு யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா?

இந்தக் கேள்வியைப் பலரும் தவிர்ப்பதன் காரணம் சோம்பல் இல்லை, பயம். மூன்று வருடம் மனதில் வைத்து வளர்த்த யோசனை, யாரோ ஒருவர் பெயரில் எண் போட்டு எங்கோ கிடந்துவிட்டால் என்ன செய்வது? அதனால் தேடாமலே பட்டறைக்குப் போகிறோம், வெல்டிங் வைக்கிறோம், லேத்துக்குக் கொடுக்கிறோம், நகையை அடகு வைக்கிறோம். பிறகு சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆய்வறிக்கை வருகிறது. தேர்வாளர் வெளிநாட்டு ஆவணங்கள் நாலைந்தின் எண்களைக் குறிப்பிட்டு, இவற்றிலிருந்து உங்களுடையது எப்படி வேறுபடுகிறது என்று கேட்டிருப்பார். அந்த எண்கள் எல்லாம் முதல் நாளிலிருந்தே இணையத்தில் இருந்தவை, அதுவும் இலவசமாக.

வெறும் அறிவுரையாகச் சொன்னால் இது மனதில் ஒட்டாது. அதனால் நம் வாசகர்கள் அதிகம் எழுதும் ஒரு பொருளையே எடுத்துக்கொள்கிறேன்: தென்னை ஏறும் கருவி. காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் பொள்ளாச்சியிலும் பட்டுக்கோட்டையிலும் ஒன்றுதான். தோப்பு வைத்திருப்பவர், பக்கத்தில் பட்டறை வைத்திருப்பவர், பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளை என்று எல்லோருக்கும் ஒரு வடிவம் தோன்றுகிறது.

கூகுள் பேடண்ட்ஸ் தளத்தைத் திறந்து, தென்னை, மரம், ஏறுதல் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தட்டுகிறீர்கள். சில ஆவணங்கள் வருகின்றன. நம்முடையதைப் போல ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக மூடிவிடுகிறீர்கள். அவசரப்பட வேண்டாம், தேடல் இன்னும் தொடங்கவே இல்லை.

உலகின் காப்புரிமை அலுவலகங்கள் கண்டுபிடிப்புகளை எட்டுப் பெரும் பிரிவுகளாகவும், அவற்றின் கீழ் ஆயிரக்கணக்கான சிறு கிளைகளாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தந்திருக்கின்றன. தென்னை ஏறும் கருவி எங்கே இருக்கும்? விவசாயத்தில்தான் என்று நாம் சத்தியம் செய்வோம். அது இருப்பதோ ஏ63பி 27/00 என்ற குறியீட்டில். கம்பம், மரம் போன்றவற்றில் ஏறுவதற்கான சாதனங்கள் என்று அதற்குத் தலைப்பு. ஏ63பி என்பது உடற்பயிற்சிக் கருவிகள், நீச்சல், வாள் சண்டை, பந்து விளையாட்டு எல்லாம் குடியிருக்கும் இடம். மரம் ஏறுவது நமக்குப் பிழைப்பு, வகைப்படுத்தியவர்களுக்கு அது உடலசைவு. கருவி யாருக்குப் பயன்படுகிறது என்பதைவிட, அது என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்க்கிறார்கள். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதித் தேடல் முடிந்த மாதிரி.

அந்தக் குறியீட்டுக்குள் நுழைந்தால் தந்திக் கம்பம், மின்கம்பம் ஏறும் தொழிலாளர்களுக்கான காலணிக் கொக்கிகள், மரம் வெட்டுபவர்களின் இடுப்புப் பட்டைகள் எல்லாம் வரிசையாக வரும். அங்கிருந்து இன்னொரு கதவும் திறக்கும். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் மரத்தின் மேல் உட்கார்ந்து காத்திருப்பதற்கென்று ஏறும் மேடைகள் செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டு சட்டங்கள், இரண்டும் மரத்தை வளைத்துப் பிடித்திருக்கும். மேல் சட்டத்தில் உட்கார்ந்து கால்களால் கீழ்ச் சட்டத்தைத் தூக்க வேண்டும். பிறகு அதன்மேல் எழுந்து நின்று மேல் சட்டத்தை உயர்த்த வேண்டும். இப்படியே ஏறிப் போகலாம். நம் ஊரில் உட்கார்ந்தபடி ஏறும் வகைக் கருவிகளைப் பார்த்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும், ஏனென்றால் முறை அதேதான். இத்தகைய மேடைகள் 1970-களிலேயே அங்கே காப்புரிமை பெற்றிருக்கின்றன. அவற்றில் சில வேட்டை, கண்ணி, விலங்குகளை விரட்டுதல் ஆகியவற்றுக்கான ஏ01எம் பிரிவில் கிடக்கின்றன. தென்னை என்ற சொல்லை நூறு முறை தட்டினாலும் அவை வெளியே வராது. அந்த ஆவணங்களில் தென்னையே இல்லை.

சரி, இதைக் கண்டுபிடித்ததால் என்ன ஆயிற்று? நம் தோப்புக்காரர் மனமுடைந்து படத்தைக் கிழித்துப் போட வேண்டுமா? இங்கேதான் இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இந்த மாதம் நான் சொல்ல வந்ததே இதுதான்.

முதல் கேள்வி: இதற்கு எனக்குக் காப்புரிமை கிடைக்குமா? இதற்கு உலகமே எல்லை. எந்த நாட்டில், எந்த மொழியில், எந்த ஆண்டில் வெளியான ஆவணமும் உங்களுக்கு எதிராக நிற்கும். காப்புரிமை காலாவதியானாலும், விண்ணப்பம் பாதியில் கைவிடப்பட்டாலும் விலக்கில்லை. அமெரிக்க வேட்டைக்காரரின் பழைய மேடை, உட்கார்ந்து எழுந்து ஏறும் பொதுவான யோசனையை உங்களிடமிருந்து பறித்துவிட்டது.

இரண்டாவது கேள்வி: இதை நான் செய்து விற்கலாமா? இதற்கு எல்லை நம் நாடு மட்டும். காப்புரிமை கொடுத்த நாட்டுக்குள்தான் அது செல்லும். ஒருவர் அமெரிக்காவில் மட்டும் வாங்கி வைத்திருந்தால், இந்தியாவில் அதே பொருளைச் செய்து இங்கேயே விற்பதை அதைக் கொண்டு தடுக்க முடியாது. இந்தியாவில் வாங்கியதும்கூட விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான். அதற்குள்ளும் மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் கட்டி வர வேண்டும், கட்டாவிட்டால் உரிமை போய்விடும். ஆக, முதல் கேள்விக்கு 'இல்லை' என்று வந்த அதே ஆவணம், இரண்டாவது கேள்விக்கு 'தாராளமாகச் செய்யுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். வரைபடத்தோடு, பாகங்களுக்கு எண் போட்டு, எப்படிச் செய்வது என்ற விளக்கத்தோடு உங்கள் மேசைக்கு வந்திருக்கும் செய்முறை அது. அதை இலவசமாகப் படித்துப் பயன்படுத்தலாம் என்பதே பட்டறை வைத்திருக்கும் பலருக்குத் தெரியாது. எனக்கு இதில் உண்மையாகவே ஆதங்கம் உண்டு. காப்புரிமை ஆவணங்களைச் சட்டப் பொருளாகப் பார்த்துப் பயந்தே பழகிவிட்டோம், தொழில்நுட்ப நூலாக யாரும் புரட்டுவதில்லை.

இன்னொன்றும் நடக்கும். நாலு பழைய ஆவணங்களைப் படித்தவருக்குத் தன் கருவியில் எது உண்மையில் புதியது என்று தெளியத் தொடங்கும். தென்னை அடியில் பருத்தும் மேலே போகப் போகச் சிறுத்தும் இருக்கும். கீழே சமமாக இருந்த இருக்கை, மேலே போனதும் சாய்ந்துவிடும். ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையால் வளையத்தை இறுக்குவது எப்படி? மழையில் நனைந்த மரத்தில் பிடி வழுக்காமல் இருப்பது எப்படி? உச்சிக்குப் போனதும் கருவியை விட்டு மட்டைகளுக்குள் கை நீட்டும் அந்த ஆபத்தான நேரத்தில் ஆளைத் தாங்கிப் பிடிப்பது எது? மின்கம்பத்துக்கும் மான் வேட்டைக்கும் எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் இடம் அங்கே இருக்கலாம்.

இது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் உருவாக்கிய, நின்றபடி ஏறும் கருவியைப் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு கால்களுக்கும் தனித்தனிச் சட்டம், மரத்தைச் சுற்றிக் கம்பிக் கயிறு. 2011-இல் தென்னை வளர்ச்சி வாரியம் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சி வழியாக அது ஊர் ஊராகப் போனது. அதோடு கதை முடிந்துவிடவில்லை. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் அதே கருவிக்குப் பாதுகாப்பு இணைப்பு ஒன்றை உருவாக்கியது. கேரள வேளாண் பல்கலைக்கழகமும் நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தங்கள் மாதிரிகளைக் கொண்டுவந்தன. முந்தையவரின் கருவி எங்கே குறைபட்டது என்று பார்த்தவர்கள்தான் அடுத்த படியை எடுத்து வைத்தார்கள்.

இனி, தேடும் முறைக்கு வருகிறேன். முதலில் ஒரு தாளில் உங்கள் கருவி செய்யும் வேலையை, அதன் பெயரைச் சொல்லாமல் எழுதுங்கள். 'தேங்காய் உரிக்கும் மெஷின்' என்று எழுதாமல், 'கெட்டியான கொட்டையின் மேலுள்ள நாரைப் பிளந்து நீக்குவது' என்று எழுதுங்கள். காப்புரிமை எழுதுபவர்கள் பொருளைப் பரந்த சொற்களில்தான் சொல்வார்கள். அதில்தானே அவர்களுக்கு எல்லை விரியும்? அந்தச் சொற்களை ஆங்கிலமாக்கித் தேடுங்கள். கிட்டத்தட்ட ஒத்துவரும் ஒரே ஓர் ஆவணம் கிடைத்தால் போதும். அதன் முகப்பில் இருக்கும் வகைக் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, அதை வைத்து மறுபடி தேடுங்கள். (தேங்காய்க்கென்றே ஏ23என் 5/03 என்று ஒரு தனி அறை இருப்பதைப் பார்த்தபோது எனக்கு ஒரு சின்னப் பெருமை.) பிறகு அந்த ஆவணம் எந்தப் பழைய ஆவணங்களைச் சுட்டுகிறது, பின்னால் வந்த எவை அதைச் சுட்டுகின்றன என்ற இரண்டு பட்டியலையும் பாருங்கள். கூகுள் பேடண்ட்ஸ் இரண்டையும் கீழே தந்துவிடும். கொடியைப் பிடித்து இழுத்தால் கிழங்கு வருகிற மாதிரி, ஒன்றிலிருந்து ஒன்றாக வரும்.

கூகுளோடு நின்றுவிட வேண்டாம். ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட்டில் 15 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் பேடண்ட்ஸ்கோப்பும் இலவசம்தான். இந்திய விண்ணப்பங்களுக்கு நம் அரசின் 'இன்பாஸ்' தேடல் தளமே சரியான இடம். படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டினால்தான் தேட விடும், கொஞ்சம் பொறுமை வேண்டும். சீனத்தை மறந்துவிடாதீர்கள். உலகில் ஓர் ஆண்டில் தாக்கலாகும் காப்புரிமை விண்ணப்பங்களில் ஏறக்குறைய பாதி அங்கேதான் தாக்கலாகிறது. மொழி தெரியாவிட்டாலும் படங்கள் பேசும், மீதியை இயந்திர மொழிபெயர்ப்பு சுமாராகச் சொல்லிவிடும்.

ஆவணம் கையில் கிடைத்ததும் பலர் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டு மிரள்கிறார்கள். அந்த இரண்டும் உரிமையைச் சொல்வதில்லை. ஆவணத்தின் கடைசியில் எண்ணிட்ட வாக்கியங்கள் இருக்கும், 'க்ளெய்ம்' என்பார்கள். உரிமையின் வேலி அதுதான். முதல் வாக்கியத்தை மெதுவாகப் படியுங்கள். அதில் சொல்லியிருக்கும் ஒவ்வொரு உறுப்பும் உங்கள் கருவியில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். எது இல்லை என்று தெரிகிற இடம்தான் நீங்கள் முகவரிடம் பேச வேண்டிய இடம். ஆவண எண்ணின் முடிவில் உள்ள எழுத்தையும் கவனியுங்கள். 'ஏ' என்றிருந்தால் பொதுவாக அது வெளியிடப்பட்ட விண்ணப்பம் மட்டும், 'பி' என்றால் உரிமை வழங்கப்பட்டது. வெறும் விண்ணப்பத்தைப் பார்த்து வேலையை நிறுத்தியவர்கள் உண்டு.

இப்போது சிலர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் "என் யோசனை புதியதா?" என்று கேட்டு, "மிகவும் புதுமையானது!" என்ற பாராட்டை நமக்கு அனுப்பிவைக்கிறார்கள். அது யாரையும் மனம் நோகப் பேசாது. இல்லாத காப்புரிமை எண்ணைக்கூட இருப்பதுபோல் சொல்லும். சொற்களைத் தேடித் தர அதைப் பயன்படுத்துங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

எவ்வளவு தேடினாலும் ஓர் இருட்டு மூலை இருக்கும். விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 18 மாதம் கழிந்த பிறகுதான் விண்ணப்பம் வெளியாகும். இன்று இல்லாதது அடுத்த மாதம் வெள்ளிக்கிழமை வரும் காப்புரிமை இதழில் இருக்கலாம். அதனால், வேலை நீண்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி தேடுவது நல்லது.

காப்புரிமைத் தளங்களுக்கு வெளியேயும் உலகம் இருக்கிறது. யாரும் காப்புரிமை கேட்காத எத்தனையோ கருவிகள் யூடியூபில் ஓடுகின்றன, கோவை கொடிசியா வேளாண் கண்காட்சியில் நிற்கின்றன, இந்தியாமார்ட்டில் விற்கின்றன. அவையும் கணக்கில் சேரும். நம் மஞ்சள் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்துவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். அங்கே தேடிய தேர்வாளருக்கு நம் வீட்டு அடுப்படி தெரியவில்லை. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு 32 எழுத்துச் சான்றுகளோடு எதிர்த்தது, 1997-இல் அந்த உரிமை செல்லாது என்றானது. "எங்கள் பாட்டி வைப்பாள்" என்ற வாய்ச்சொல் போதவில்லை, அச்சில் இருந்ததுதான் வேலை செய்தது. பிறகு உருவான மரபுசார் அறிவு மின்னணு நூலகத்தில் நம் சித்த மருத்துவ நூல்களின் குறிப்புகளும் சேர்க்கப்பட்டு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் தேர்வாளர்கள் தேடும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. மரபாக வரும் மருந்துக் கலவைக்குக் காப்புரிமை கேட்டு எழுதும் வாசகர்களுக்கும் இதே பதில்தான். அது நம் சட்டப்படியே கிடைக்காது. பயிர் செய்யும் முறைக்கும் கிடைக்காது. கருவிக்குக் கேட்கலாம்.

தேடும் வேலையும் காலத்தோடு மாறி வந்திருக்கிறது. 1856-இல் கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃபிரெட் டிபென்னிங் என்ற பொறியாளர் பங்கா (கூரையில் தொங்கும் விசிறி) இழுக்கும் இயந்திரத்துக்கு விண்ணப்பித்ததுதான் இந்நாட்டின் முதல் காப்புரிமையாகப் பதிவாகியிருக்கிறது. அவர் பெயரைத் தாங்கிய காப்புரிமை நிறுவனம் ஒன்று இன்றும் சென்னையில் இயங்குகிறது. முன்னால் யாரும் இல்லாததால் அவருக்குத் தேடும் வேலை கொஞ்சம்தான் இருந்திருக்கும்! பின்னால் வந்தவர்களுக்கு அது பெரும்பாடாயிற்று. 1980-இல் நாக்பூரில் காப்புரிமைத் தகவல் மையம் ஏற்பட்டபோது, அங்கே எழுதிக் கேட்டுத் தேடி வாங்குவதே பெரிய வசதியாக இருந்தது. இன்று கைபேசியில் முடிகிறது.

ஒரு குறை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தியாவில் விண்ணப்பம் ஆங்கிலத்தில் அல்லது இந்தியில்தான் இருக்க வேண்டும். தமிழில் யோசித்து, தமிழில் கருவி செய்து, ஆங்கிலத்தில் தேடி, ஆங்கிலத்தில் கோர வேண்டிய நிலை. நம் வாசகர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் யோசனை இல்லை, இந்த மொழிச் சுவர்தான். வீட்டில் ஆங்கிலம் படிக்கும் மகளோ மகனோ இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காரவையுங்கள். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தில் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது. படிப்போ நிறுவனமோ பின்னணியாக இல்லாத சாதாரண மக்களின் கண்டுபிடிப்புகளைத் தேசியப் புத்தாக்க நிறுவனம் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெயரில் விண்ணப்பிக்கவும் உதவுகிறது. மதுரை 'சேவா' அமைப்பு நடத்தி வந்த 'நம் வழி வேளாண்மை' இதழ் உழவர்களின் இத்தகைய முயற்சிகளைத் தமிழில் பதிந்து வைத்ததையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

"தேடல் பெட்டியில் தட்டினால் யோசனை திருடு போகாதா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். நாலு சொற்களைத் தட்டுவதில் உங்கள் கருவியின் உள் அமைப்பு வெளியே போய்விடாது. போவது வேறு வழியில். கருவி முதல்முறை ஓடியதும் எடுத்த வீடியோ அன்று இரவே வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிடுகிறது. ஊர்த் திருவிழாவில் நிறுத்திக் காட்டிவிடுகிறோம். விண்ணப்பிப்பதற்கு முன் நீங்களே வெளியிட்டது, பிறகு உங்கள் விண்ணப்பத்துக்கே எதிராக நிற்கும். கண்காட்சி, ஆய்வுக் கழகம் போன்ற சிலவற்றுக்குச் சட்டத்தில் சலுகை உண்டு, ஆனால் அதன் நிபந்தனைகள் இறுக்கமானவை. கருவி முழுமையாகாவிட்டாலும் தற்காலிக விவரணத்தோடு விண்ணப்பித்துத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரணத்தைத் தரலாம்.

நம் இதழும் ஒரு வெளியீடுதான். அதனால் ஒரு வேண்டுகோள்: விண்ணப்பம் போடும்வரை படத்தையும் உள் விவரத்தையும் நமக்கு அனுப்பாதீர்கள். தேடிப் பார்த்ததில் என்ன கிடைத்தது, எந்தக் குறியீட்டில் கிடைத்தது, எந்தப் பழைய கருவி உங்களை ஆச்சரியப்படுத்தியது என்று மட்டும் எழுதுங்கள். அவை எப்படியும் உலகுக்குத் தெரிந்தவைதான். நல்ல கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்